இன்ஜின் ரூமுக்குத் தண்ணீர் கொஞ்சம் போதும்

கார் இன்ஜின் ரூமில் படிகிற அழுக்கு ஊருக்கு ஊர் மாறும். பானட்டைத் திறந்ததுமே அந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த ரோட்டில் ஓடுகிறது என்று பாதி சொல்லிவிடலாம். புதுச்சேரியில் சோலை நகர், வைத்திக்குப்பம் என்று கடலோரத்தில் நிற்கிற வண்டியில் போல்ட்டுத் தலையெல்லாம் துருப்பிடித்திருக்கும். அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் போய்வருகிற வண்டியில் கறுப்புத் தூசி ஆயிலோடு சேர்ந்து பிசுபிசுக்கும். எங்கள் ஒதியம்பட்டு வண்டிகளில் இருப்பது மண், வைக்கோல், வேப்பிலை, எலி.

இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை முடிகிற நேரம் வைக்கோல் தூசி பறக்கும். அடுத்து உளுந்து வரும். வில்லியனூர் கொம்யூனிலும் பாகூர் கொம்யூனிலும் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம்தான் தாம்பு ஓட்டும். அந்தச் செடியின் மேல் ஏறி இறங்குகிற காரில் காய்ந்த தண்டும் சருகும் அடியிலிருந்து மேலே வரும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஏ.சி. கண்டன்ஸரில் பதர் அப்பிக்கொள்ளும். சைலன்ஸர் குழாய் தொடங்குகிற இடத்தில் ஒரு கைப்பிடிச் சருகு சிக்கிக்கொண்டால் அது வெறும் குப்பை இல்லை. பல நூறு டிகிரி சூடேறுகிற இரும்புக்குப் பக்கத்தில் கிடக்கிற எரிபொருள். பங்குனியில் வேப்பிலை கொட்டும். திருக்காஞ்சிக் கோயிலில் விசேஷம் என்றால், 2023-இல் சங்கராபரணி ஆற்றில் புஷ்கரணி விழா நடந்தபோது வந்ததைப்போல வெளியூர் வண்டிகள் வரிசைகட்டி வரும். அந்தச் சமயத்தில் கிளம்புகிற செம்மண் புழுதி வீட்டு வாசலில் நிற்கிற காரின் உள்ளேயும் இறங்கிவிடும். எலிக்கு மட்டும் பருவம் கிடையாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் தொழில் கற்றது வில்லியனூரில் விழுப்புரம் ரோட்டோரம் இருந்த ஒரு பட்டறையில். அம்பாசிடர் ஆண்ட காலம் அது. அந்த வண்டியின் பானட்டைத் தூக்கினால் இன்ஜினைச் சுற்றி நாலாபக்கமும் கை போகும். கீழே தரை தெரியும். ஆயில் ஒழுகாத அம்பாசிடரை நான் பார்த்ததில்லை. கம்ப்ரஸர் கன்னில் டீசலை நிரப்பி இன்ஜின் மேல் அடிப்போம். பல மாதம் ஆயிலும் மண்ணும் சேர்ந்து கெட்டியான பிசுக்கு கரைந்து கறுப்பாக ஓடும். பிறகு சோப்பு ஆயில், பிறகு தண்ணீர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் போனால் வண்டி கிளம்பாது. மூடியைக் கழற்றித் துடைத்து வெயிலில் வைத்தால் கால் மணி நேரத்தில் கிளம்பிவிடும். அவ்வளவுதான் அன்றைக்கு இருந்த பயம்.

பட்டறை மேஸ்திரி ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. டீசல் கன்னைக் கையில் எடுக்கிற பையனை நிறுத்துவார். "டேய், கழுவுறதுக்கு முன்னாடி நல்லா பாருடா. கழுவிட்டா எது எங்கிருந்து ஒழுகிச்சுன்னு எந்தச் சாமி வந்து சொல்லும்?" பையன் லைட்டைப் பிடித்துக்கொண்டு எங்கே ஈரம், எங்கே காய்ந்த கறை, எங்கே புதுசு, எங்கே பழசு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கன் கைக்கு வரும். கழுவி முடித்து வண்டியை ஒரு சுற்று ஓட்டிவந்து, மறுபடியும் பானட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் இன்றுவரை வைத்திருக்கிற முறை இதுதான். இன்ஜின் ரூமைச் சுத்தம் செய்வது பளபளப்புக்காக இல்லை. அதற்குள் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காக.

முறை மாறவில்லை, வண்டிதான் மாறிவிட்டது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கு 796 சிசி இன்ஜின். அதன் இன்ஜின் ரூமில் பொருள்கள் நெருக்கி அடுக்கியிருக்கும். ஆனாலும் கார்புரேட்டர் வண்டி என்பதால் தண்ணீரைப் பொறுத்துக்கொண்டது. 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகி, கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. என்கிற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்ததும் ஆட்டம் மாறியது. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சென்சார், ஒவ்வொரு சென்சாருக்கும் வயரைச் சேர்க்கிற ஒரு கப்ளர், எல்லா வயரும் போய்ச் சேருகிற ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. சில கார்களில் அந்தப் பெட்டி பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு சென்சார்கள் இன்னும் கூடின. இப்படி ஒரு வண்டியின் இன்ஜின் ரூமுக்குள் பிரஷர் பம்பை விடுவது அநியாயம்.

சர்வீஸ் ஸ்டேஷனில் இருக்கிற பம்ப் நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளும். கப்ளர்களின் ரப்பர் சீல் மழைத்தண்ணீர் தெறிப்பதைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. கைக்கெட்டும் தூரத்திலிருந்து பீய்ச்சுகிற தண்ணீரை அது தடுக்காது. உள்ளே போன ஈரம் அன்றைக்கே காட்டிக்கொடுக்காது. பித்தளைப் பின்களில் பச்சை பூத்து, சில வாரம் கழித்து டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரியும். அன்று யாருக்கும் வாட்டர் வாஷ் ஞாபகம் வராது. இக்னிஷன் காயில் ஸ்பார்க் பிளக்கின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிற இன்ஜினில், அந்தக் குழிக்குள் தண்ணீர் தேங்கினால் மிஸ்ஸிங் அடிக்கும். கண்டன்ஸரின் அலுமினியத் தகடுகள் காகிதம் அளவுக்கு மெல்லியவை. பிரஷர் பட்டால் மடங்கிப் படுத்துவிடும், பிறகு அந்த இடத்தில் காற்று போகாது, ஏ.சி. குளிராது.

இப்போது என் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஷீட் போட்ட இடத்தில் இன்ஜின் ரூமைச் சுத்தம் செய்கிற இந்த ஒரு வேலையைத்தான் செய்கிறேன். இதை யாரும் தங்கள் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நேரம் காலை. ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டியாக இருக்க வேண்டும். சூடான இன்ஜின் மேல் சுத்தம் செய்கிற மருந்து பட்டால் அழுக்கைக் கரைப்பதற்கு முன்பே காய்ந்து கறையாகிவிடும், கையும் சுடும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற கூலன்ட் முகத்தில் அடிக்கும். சாவியை எடுத்துவிடுங்கள். சில வண்டிகளில் இன்ஜின் ஆஃப் ஆகியிருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும், விரல் உள்ளே இருந்தால் போச்சு. அதனால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுவது நல்லது. மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பிளஸில் கை வைக்கும்போது ஸ்பேனர் பாடியில் பட்டுவிட்டால், மைனஸ் இணைப்பில் இருக்கிறவரை பெரிய பொறி பறக்கும். மாட்டும்போது தலைகீழ்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசி. மாட்டிய பிறகு கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், வேறொன்றும் பெரிதாக இல்லை.

முதல் வேலை ஈரமில்லாத வேலை. சருகு, இலை, குச்சி எல்லாவற்றையும் கையால் எடுத்து, பெயிண்ட் பிரஷால் தட்டி, புளோயர் இருந்தால் ஊதி வெளியேற்ற வேண்டும். கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற பள்ளத்தை மறக்காதீர்கள். அந்தப் பள்ளத்தின் இரண்டு மூலையிலும் மழைத்தண்ணீர் வடிய ஓட்டை உண்டு. வேப்பமரத்தடியில் நிற்கிற காரில் இலைக்காம்பு மக்கி, சேறாகி, அந்த ஓட்டையை அடைத்திருக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் நிரம்பி, ஏ.சி. காற்று உள்ளே வரும் வழியாகக் காருக்குள் இறங்கும். மழைக்காலத்தில் இடதுபக்கக் கால்மிதியடி நனைந்திருக்கிறது என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் விரலை விட்டுப் பார்ப்பது இந்த ஓட்டையைத்தான்.

அடுத்தது மூடுவது. ஆல்டர்நேட்டர் (பழைய ஆட்கள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வோம்), ஃபியூஸ் பாக்ஸ், கம்ப்யூட்டர் பெட்டி, ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய், கார்புரேட்டர் வண்டி என்றால் டிஸ்ட்ரிபியூட்டர். ரொட்டி பாக்கெட் கவர், துணிக்கடைப் பை, எது இருந்தாலும் சுற்றி ரப்பர் பேண்டு போட்டால் போதும்.

மருந்து என்று பெரிதாக எதுவும் வேண்டாம். கார் ஷாம்பு, இல்லையென்றால் கடையில் கிடைக்கிற ஆல் பர்ப்பஸ் கிளீனரைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து கைஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். அதை வண்டிமேல் அடிப்பதைவிடப் பிரஷின் மேல் அடித்துத் தேய்ப்பது எனக்குப் பிடிக்கும். போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகும். பழைய டூத் பிரஷ், அரை இஞ்ச் பெயிண்ட் பிரஷ், அகலமான ஒரு பிரஷ், நிறைய பனியன் வேஸ்ட். ஆயில் பிசுக்கு இருக்கிற இடத்தில் இரண்டு மூன்று முறை தேய்த்துத் தேய்த்துத் துடைக்க வேண்டும். ஒரே முறையில் கரைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள்தான் பாத்ரூம் ஆசிட்டையும் காஸ்டிக் சோடாவையும் கொண்டுவருகிறார்கள். காஸ்டிக் பட்டால் அலுமினியம் கறுத்துப்போகும். ஆசிட் அதை அரித்துவிடும். காஸ்டிக் விட்ட கறுப்பை எளிதில் எடுக்க முடியாது.

மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் மூன்றையும் நான் கைவிட்டுப் பல காலமாகிறது. கூலன்ட் ஹோஸ்கள் இப்போது செய்யப்படுகிற ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. உப்பிப் பதம் கெட்டுவிடும். பெட்ரோல் ஆவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் பெட்ரோல் துணியால் இன்ஜினைத் துடைத்து, மறுநாள் பானட்டைத் திறந்துவைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரத்தட்டை உள்ளே கொண்டுபோய்க் காட்டுகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. வேண்டாம். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதுவும் தீப்பிடிக்கிற வாயுதான். பானட்டை மூடிவிட்டு, காருக்கு முன்னால் தள்ளி நின்று தீபாராதனை காட்டுங்கள். சாமி ஏற்றுக்கொள்ளும்.

பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்வதில்தான் எனக்குத் தனி விருப்பம். அந்த வெள்ளையும் நீலப்பச்சையுமான படிவு அமிலக் கசிவால் வருவது. சமையல் சோடா ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, டூத் பிரஷில் தொட்டு மெதுவாக வைத்தால் நுரைத்துப் பொங்கும். பொங்குவது அடங்கும்வரை தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். அடங்கினால் அமிலம் தீர்ந்தது என்று அர்த்தம். சோடாத் தண்ணீர் பேட்டரி மூடிகளின் துளை வழியாக உள்ளே போகக் கூடாது, உள்ளே இருக்கிற அமிலம் கெடும். பிறகு ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. கிளாம்பின் உள்வட்டத்தை உப்புத்தாளால் தேய்த்தால் ஈயம் வெள்ளியாக மின்னும். மாட்டி இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாஸ்லின். ராத்திரி நின்று ஆறிய நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் சார்ஜ் இறங்கிவிட்டது. "பேட்டரி போச்சு" என்று எடுத்துவரப்படும் வண்டிகளில் எத்தனையோ இந்த ஒரு ஸ்பூன் சோடாவில் கிளம்பிப் போயிருக்கின்றன.

கடைசியில்தான் தண்ணீர். கைஸ்பிரேயில் லேசாகத் தூவித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைக் கறை விடும் என்பதால் தேங்க விடக் கூடாது. மூடிய கவர்களையெல்லாம் எடுத்துவிட்டு, பானட்டைத் திறந்தே வைத்து வெயிலில் காயவிட்டு, பிறகு பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பாலிஷ் வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் வகையைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். ஸ்பிரே அடிக்காதீர்கள். ஃபேன் பெல்ட்டில் பட்டால் வழுக்கிக் கீச்சிடும். ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எலெக்ட்ரிக், ஹைபிரிட் வண்டிகளில் அந்த நிறம்தான் எச்சரிக்கை. பல எலெக்ட்ரிக் கார்களில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். டீசல் வண்டியில் இன்ஜெக்டர் குழாய்களும் அப்படித்தான். இன்ஜின் ஓடும்போது அவற்றில் 1,000 பாருக்கு மேல்கூட அழுத்தம் ஏறும். அங்கே கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது, டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இனி எலி. ஒதியம்பட்டில் நெல் வயலாக இருந்த இடமெல்லாம் மனைகளாகிவிட்டது. வீடு வந்தது, வீட்டு வாசலில் கார் வந்தது, எலி மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. மழை பெய்து வளைக்குள் தண்ணீர் புகுந்தால் அதற்குச் சூடான, காய்ந்த, இருட்டான இடம் வேண்டும். இன்ஜின் ரூமைவிட நல்ல இடம் ஊரில் எது? பிரான்ஸில் இருக்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஓட்டுவதற்காகவே நிறுத்திவைத்திருக்கிற கார்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அப்படி ஒன்றின் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தேன். பானட்டின் அடியில் இருக்கிற பஞ்சு மெத்தையைப் பிய்த்து எடுத்துவந்து, ஃபில்டர் காகிதத்தைக் கடித்துத் துணுக்காக்கி அதோடு கலந்து, டப்பாவின் மூலையில் அழகாக ஒரு படுக்கை. சுற்றிலும் வேர்க்கடலைத் தோல், ஒரு தேங்காய்ச் சில்லு, நாய் பிஸ்கட் பாதி. பக்கத்தில் இன்ஜெக்டர் வயரின் தோல் நாலு விரல் நீளத்துக்கு உரிந்து செம்பு தெரிந்தது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்திருந்தால் குப்பையெல்லாம் இன்ஜினுக்குள் இழுபட்டிருக்கும்.

எலி இருந்த இடத்தை மட்டும் புளோயரால் ஊதாதீர்கள். எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். புழுக்கைத் தூசியை மூச்சில் இழுப்பதும் ஆகாது. ரப்பர் கையுறை, முகக்கவசம் போட்டு, கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்து, ஊறவிட்டு, துணியால் வழித்து எடுத்துப் புதைத்துவிடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு இந்த வேலையே வேண்டாம். மூடியைத் திறக்கும்போது நீளமான ஸ்குரூடிரைவரால் தட்டிவிட்டுத் திறங்கள். எலி போகிற இடத்துக்கு அதைத் தேடிப் பாம்பும் போகும். வயல்வெளி ஊரில் இது கற்பனை இல்லை.

எலியை விரட்ட ஆளுக்கொரு வைத்தியம். புகையிலைக் காம்பைக் கட்டித் தொங்கவிடுவார்கள். வாசனை இருக்கிறவரை ஓரளவு பலன் தரும், பிறகு காய்ந்த சருகுதான். அந்துருண்டை போடுவார்கள், அந்த ஆவி ஏ.சி. வழியாகக் காருக்குள் வரும், கைக்குழந்தை உட்கார்கிற வண்டியில் கூடவே கூடாது. எலி மருந்து வைத்தால், எலி நம் கை எட்டாத மூலையில் போய்ச் சாகும், நாற்றம் ஒரு வாரம். ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரச் சத்தைத் தடவிய டேப் ஒன்றையே விற்கிறது, வயர்மேல் சுற்றலாம். என் அனுபவத்தில் பலன் தருவது மூன்று காரியம். காற்று போகிற வாய்களில் துருப்பிடிக்காத கம்பி வலை. வைக்கோல் போர், கோழித்தீவனம், நாய்ச்சோறு இருக்கும் இடத்தைவிட்டுத் தள்ளி நிறுத்துவது. வண்டியை அடிக்கடி எடுப்பது; முடியாவிட்டால் சில நாளுக்கு ஒருமுறையாவது பானட்டைத் திறந்து பார்ப்பது. கூடு கட்டத் தொடங்கிய இரண்டாம் நாளே கலைத்துவிட்டால் அது வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் தெருவில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். பழைய வேகன் ஆர் வைத்திருக்கிறார். ஒருமுறை இன்ஜின் ரூமை முழுக்கத் துடைத்துக் கொடுத்துவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை வெறுமனே திறந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். மழை விட்ட ஒரு நாள் காலையில் வந்தார்.

"தம்பி, ஒரு இடத்துல மட்டும் ஈரமா இருக்கு. போன வாரம் இல்ல. தொட்டா வழுவழுன்னு இருக்கு, வாசனை ஒண்ணும் பெருசா இல்ல."

"எந்தப் பக்கம் டீச்சர்?"

"பெல்ட்டு இருக்குதே, அந்தப் பக்கம்."

வாட்டர் பம்ப் கசியத் தொடங்கியிருந்தது. கீழ்விளிம்பில் கூலன்ட் ஒரு முத்தாகத் தொங்கியது. அதைச் சுற்றி இளஞ்சிவப்பாக உப்புப் படிவு லேசாக ஒரு கோடு. அழுக்கு மூடிய இன்ஜினில் அந்தக் கோடு என் கண்ணுக்கே தெரிந்திருக்காது. பம்ப் மாற்றியதோடு செலவு முடிந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் ஒருநாள் நடுரோட்டில் சூடேறி, ஹெட் வளைந்து, பம்ப் விலையைப்போலப் பல மடங்கு போயிருக்கும். கூலன்ட் தரையில் சிந்தினால் உடனே தண்ணீர்விட்டுத் துடைத்துவிட வேண்டும் என்பதையும் அவரிடம் சொன்னேன். கூலன்ட்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும். அவர் வீட்டில் மூன்று நாய்.

இதற்கு நேர் எதிரான வேலையும் என்னிடம் வரும். விற்பனைக்கு நிற்கிற பழைய வண்டியை எடுத்துவந்து, "அண்ணே, இன்ஜின் ரூம் புதுசு மாதிரி மின்னணும்" என்பார்கள். துடைத்துத் தருவேன். பாலிஷ் போட மாட்டேன். டாப்பெட் கவர் ஓரத்தில் ஆயில் கசிந்தால் அந்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு, வண்டியை ஓட்டி, மறுபடி கசிவதை அவர்களுக்குக் காட்டுவேன். சிலர் பேக்கிங் மாற்றிக்கொண்டு போவார்கள். சிலர் பிறகு வருவதில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அளவாகத் தூசி படிந்த இன்ஜின் ரூமை நம்பலாம். மேலிருந்து கீழ்வரை எண்ணெய் பூசியதாக மின்னினால், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, பானட்டைத் திறந்து, லைட் அடித்துப் பாருங்கள். கசிகிற இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாமல் மழை. வீடூர் அணையைத் திறந்ததும் சங்கராபரணியிலும், சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்ததும் பாகூர்ப் பக்கம் தென்பெண்ணையிலும் வெள்ளம். பானட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற கார்கள் ஏராளம். தண்ணீர் வடிந்த அடுத்த நாட்களில் நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னது ஒன்றுதான்: ஸ்டார்ட் பண்ணாதீங்க. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்ற வண்டியில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் தீர்ந்துபோகிற வேலை, ஒரு தடவை சாவியைத் திருப்பியதால் இன்ஜினையே இறக்குகிற வேலையாகிவிடும். சாதாரண இன்ஷூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் வராது. இன்ஜின் புரொடெக்‌ஷன் என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

முதலில் பேட்டரி மைனஸ். அடுத்து ஏர் ஃபில்டரை எடுத்துப் பார்ப்பது. காகிதம் நனைந்திருந்தால் வண்டியைக் கட்டியிழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலும் அதே கதி. அந்த வாரம் ஒன்றுதான் நான் தண்ணீரைத் தாராளமாகப் பயன்படுத்திய வாரம். வெள்ளத்தோடு வந்த வண்டல் அவ்வளவு நைசு. காய்ந்துவிட்டால் ஆல்டர்நேட்டர் துளைகளிலும் கப்ளர்களிலும் சிமெண்ட்டாகிவிடும். அது ஈரமாக இருக்கும்போதே, நல்ல தண்ணீரை அழுத்தமில்லாமல் குடத்திலிருந்து ஊற்றி ஊற்றிக் கழுவினோம். கப்ளர் ஒவ்வொன்றாகப் பிரித்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, காயவைத்து, மாட்டினோம். தெருப் பையன்கள் உட்கார்ந்து டூத் பிரஷால் தேய்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது தங்கள் வீட்டு வண்டியைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று பட்டறைக் காலத்தில் யாரும் கேட்டதில்லை. டீசலும் கறுப்பு ஆயிலும் ரோட்டோர வாய்க்காலில் இறங்கிப் போயின. இப்போது நான் வண்டிக்கு அடியில் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் மரத்தூளைக் கொட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். சொட்டுகிற பிசுக்கையெல்லாம் மரத்தூள் குடித்துக்கொள்ளும். ஆயில் வேஸ்ட்டைத் தனி டின்னில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்க வருகிறவரிடம் கொடுக்கிறேன். கொஞ்சமாகத் தண்ணீர் செலவாகிற முறையில் இந்த வேஸ்ட் ஒரு பக்கெட்கூட ஆகாது. புதுச்சேரியில் நாம் குடிப்பது நிலத்தடித் தண்ணீர். நமக்கு வேறு தண்ணீர் கிடையாது. வீட்டு வாசலில் இன்ஜின் ரூமைத் துடைக்கிறவர்கள் அடியில் ஒரு தார்ப்பாயும் கொஞ்சம் மரத்தூளும் போட்டுக்கொள்ளுங்கள். ஆயில் தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள்.